ஐந்து வெற்றிகளும் ஒரு தோல்வியும்: இடுக்கித் தொகுதி கூறும் பாடம்

 தமிழ் பேசும் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு நாடாளுமன்றத் தொகுதி உண்டென்றால் அது இடுக்கியே. தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு, இடுக்கி, தொடுபுழா ஆகிய ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் மலை மாவட்டத்திலும், கோதமங்கலம், மூவாற்றுப்புழா ஆகிய இரண்டும் நமது எர்ணாகுளம் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இடுக்கி மாவட்ட மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் கிராமப்புறத்தில் வாழ்பவர்கள். தேயிலை, ஏலம், மிளகு, ரப்பர் ஆகியவையே இம்மக்களின் வாழ்வாதாரம்.

இத்தொகுதியின் கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மேற்கூறிய ஏழு இடங்களில் ஐந்தை இடது ஜனநாயக முன்னணி வென்றது. தேவிகுளம், உடும்பன்சோலை, கோதமங்கலம் ஆகியவற்றில் மார்க்சிஸ்ட் கட்சியும், பீருமேட்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும், இடுக்கியில் கேரளா காங்கிரஸ் (எம்) கட்சியும் வெற்றி பெற்றன. மூன்றே ஆண்டுகளில், 2024 நாடாளுமன்றத் தேர்தலில், அதே வாக்காளர்கள் காங்கிரஸ் வேட்பாளர் டீன் குரியாகோஸை 1,33,727 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெறச் செய்தனர். சட்டமன்றத்திற்கு நம்மைத் தேர்ந்தெடுக்கும் மக்கள் நாடாளுமன்றத்திற்கு ஏன் நம்மை அனுப்புவதில்லை? இக்கேள்விக்கு, தேசிய அரசியலில் காங்கிரஸே பாஜகவுக்கு மாற்று என்ற எண்ணம் கேரளத்தில் நிலவுவதே காரணம் என்று விடை கூறுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. 2019இல் 20க்கு 19 இடங்களும் 2024இல் 18 இடங்களும் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்குச் சென்றன. ஆயினும் இடுக்கியின் வரலாறு அவ்விடையோடு நின்றுவிட நம்மை அனுமதிப்பதில்லை.

தொகுதியின் வரலாறு

இன்றைய தொகுதி உருவாகுமுன் இம்மலைப்பகுதியில் பீருமேடு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. 1967இல் அங்கு வென்றவர், பின்னாளில் கேரள முதலமைச்சரான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பி.கே.வாசுதேவன் நாயர். இடுக்கித் தொகுதி முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்தது 1977இல். அன்று வென்ற காங்கிரஸ் தலைவர் சி.எம்.ஸ்டீபன் மக்களவை எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கினார். அன்று தொடங்கி 2024 வரை நடந்த 13 பொதுத்தேர்தல்களில் ஒன்பதில் காங்கிரஸ் வென்றுள்ளது. நான்கில் இடதுசாரி அணி வென்றுள்ளது.

அந்த நான்கு வெற்றிகளையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். 1980இல் தோழர் எம்.எம்.லாரன்ஸ் வென்றார். எர்ணாகுளம் மாவட்டத்தின் தொழிற்சங்க இயக்கத்தை வளர்த்தெடுத்தவர். இடப்பள்ளிக் காவல் நிலைய வழக்கில் சித்திரவதைகளைத் தாங்கியவர். 2024 செப்டம்பரில் நம்மைவிட்டுப் பிரிந்தவர். மார்க்சிஸ்ட் கட்சியின் உறுப்பினர் ஒருவர் இத்தொகுதியிலிருந்து மக்களவை சென்றது அந்த ஒரே முறைதான். 1999இலும் 2004இலும் வென்ற பிரான்சிஸ் ஜார்ஜ், அன்று நமது அணியிலிருந்த ஜோசப் பிரிவு கேரளா காங்கிரஸைச் சேர்ந்தவர். 2014இல் வென்ற ஜோய்ஸ் ஜார்ஜ் நமது ஆதரவு பெற்ற சுயேச்சை வேட்பாளர். குடியேறிய விவசாயிகளின் ஆதரவைப் பெறுவதற்குத் தோழமைக் கட்சியோ சுயேச்சையோ பாலமாக அமைந்தபோது நாம் வென்றோம். பாலம் அகன்றபோது தோற்றோம். 2010இல் ஜோசப் பிரிவு முன்னணியைவிட்டு விலகியது. 2020இல் மாணி பிரிவு வந்து சேர்ந்தது, 2021இல் அதன் பயன் தெரிந்தது, 2024இல் தெரியவில்லை. ஆகவே, ஒரு கட்சி அணிக்குள் வந்துவிட்டால் அதன் மக்களும் உடன் வந்துவிடுவர் என்று கருதுவதற்கு இடமில்லை.

மூன்று உழைக்கும் பகுதியினர்

இத்தொகுதியைச் சாதி, மதக் கணக்காகவே பத்திரிகைகள் பார்க்கின்றன. கத்தோலிக்கர் இத்தனை, ஈழவர் இத்தனை, தமிழர் இத்தனை என்று அவை எழுதும். நாம் பார்க்க வேண்டியது மக்கள் எவ்வாறு உழைத்து வாழ்கின்றனர் என்பதையே.

முதற்பகுதியினர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்ற பின்னர், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட உழைப்பாளிகளின் வழிவந்தவர்கள் இவர்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். நான்கைந்து தலைமுறைகள் கடந்தும் இவர்களுக்குச் சொந்த நிலமில்லை. வசிக்கும் லயம் கம்பெனிக்குரியது. ஓய்வு பெற்றால் அதையும் காலி செய்ய வேண்டும்.

இரண்டாம் பகுதியினர் குடியேறிய விவசாயிகள். உணவுப் பற்றாக்குறை நிலவிய 1940களிலும் அதற்குப் பின்னரும் அரசின் ஊக்குவிப்போடு மலையேறி, காட்டைத் திருத்திப் பயிரிட்டவர்கள். 1961இல் இடுக்கி அணைத் திட்டத்திற்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, அமராவதியில் மழையில் தள்ளப்பட்ட குடும்பங்களுக்காகத் தோழர் ஏ.கே.கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார். பட்டா என்ற ஒற்றைச் சொல்லே அன்றும் இன்றும் இவர்களின் அரசியலைத் தீர்மானிக்கிறது.

மூன்றாம் பகுதியினர் ஏலத்தோட்டக் கூலித் தொழிலாளர். இவர்களில் ஆயிரக்கணக்கானோர் தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து அதிகாலையில் ஜீப்புகளில் மலையேறி, மாலையில் திரும்புகின்றனர். அண்மைக் காலமாக வடமாநிலத் தொழிலாளரும் இவர்களோடு சேர்ந்துள்ளனர். உழைப்பு இடுக்கியில், வாக்கு வேறிடத்தில். உடும்பன்சோலையின் செல்வத்தை உருவாக்கும் இவர்களுக்கு அதன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதில் பங்கில்லை.

இம்மூவருக்கும் பழங்குடி மக்களுக்கும் இடையே முரண்பாடுகள் உண்டு. நிலமுடையவனுக்கும் நிலமற்றவனுக்கும், கூலி கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் உள்ள முரண்பாடுகள் அவை. ஆனால் தேயிலை, மிளகு, ஏலம் ஆகியவற்றின் விலையை இவர்கள் எவரும் நிர்ணயிப்பதில்லை. 2009இல் அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு ஆசியான் நாடுகளுடன் செய்துகொண்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் விவசாயியையும் தொழிலாளியையும் ஒருசேரப் பாதிக்கும் என்று இடதுசாரிகள் அன்றே எச்சரித்தனர். அவ்வொப்பந்தத்தை ஒரு மாநில அரசால் மாற்ற இயலாது. நாடாளுமன்றத்திலேயே அதற்குப் போராட வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலில் இடுக்கி மக்கள் முன் நாம் வைக்க வேண்டிய வாதத்தின் சாரம் இதுவே.

தேவிகுளத்தின் செங்கொடி

1958 தேவிகுளம் இடைத்தேர்தலை மூத்த தோழர்கள் இன்றும் நினைவுகூர்வர். 126 உறுப்பினர் கொண்ட சபையில் மிகக் குறைந்த பெரும்பான்மையோடு இ.எம்.எஸ். அமைச்சரவை நடந்துகொண்டிருந்த காலம். நீதிமன்றத் தீர்ப்பால் பதவியிழந்த தோழர் ரோசம்மா புன்னூஸ் மீண்டும் களமிறங்கினார். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் தம்பியரோடு தோட்டந்தோட்டமாகச் சென்று தமிழில் பாடிப் பிரச்சாரம் செய்தார். தமிழ்த் தொழிலாளர் ரோசம்மாவை வெற்றி பெறச் செய்தனர். மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீருமேடு எந்த மாநிலத்திற்குரியன என்ற பூசல் ஓய்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், மலையாளத் தோழர் ஒருவரைத் தமிழ்த் தொழிலாளர் தம் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தனர். இன்றும் பெருமிதத்தோடு கூறத்தக்க வரலாறு இது.

அதே ஆண்டு அக்டோபரில், அதே மூணாறில், போனஸ் கோரிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அன்று ஆட்சியிலிருந்தது கம்யூனிஸ்ட் அமைச்சரவை. கசப்பான இவ்வுண்மையையும் மறவாதிருத்தல் வேண்டும். அரசு இடதுசாரிகளின் கையில் இருப்பதாலேயே அரசு இயந்திரமும் தோட்ட முதலாளியும் மாறிவிடுவதில்லை.

2006, 2011, 2016 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தோழர் எஸ்.ராஜேந்திரன் தேவிகுளத்தில் வென்றார். 2021இல் வென்ற தோழர் ஆ.ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவரது தேர்வைக் கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அத்தீர்ப்பை நீக்கி, தேர்வு செல்லும் என்றது. ஒரு தனிமனிதரின் பதவியோடு முடியும் வழக்கன்று அது. தமிழகத்திலிருந்து வந்த குடும்பம் 1950க்கு முன்பே இங்கு குடியேறியதா என்ற கேள்வியும் அவ்வழக்கில் எழுந்தது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக விண்ணப்பிக்கும்போது எதிர்கொள்ளும் கேள்வியும் இதுவே. பாட்டனின் பெயர் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிறதா இல்லையா என்பதே பேரப்பிள்ளையின் படிப்பையும் வேலையையும் தீர்மானிக்கிறது. அந்தத் தாளைத் தேடிக் கண்டெடுத்துக் கொடுப்பதும் அரசியல் பணியே.

2015 எழுப்பிய கேள்வி

2015 செப்டம்பரில் மூணாறின் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். கம்பெனி அறிவித்த 10 சதவீத போனஸை ஏற்க மறுத்து, 20 சதவீதம் கேட்டனர். நாட்கூலி 232 ரூபாயை 500 ஆக உயர்த்தக் கோரினர். எல்லாத் தொழிற்சங்கங்களையும் தள்ளிவைத்து, ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டனர். போனஸ் கோரிக்கை வென்றது. பின்னர் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. அவ்வியக்கம் அமைப்பாக நீடிக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி அமைதி கொள்வது எளிது. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருக்க, சங்கக் கமிட்டிகளில் பெண்கள் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்ட கேள்வியோ இன்றும் நிலைத்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடி லயங்களின் மீது மலை சரிந்து 70 உயிர்களைக் கொண்டுசென்றபோது, வீடும் நிலமும் பற்றிய கேள்வி மேலும் கூர்மையடைந்தது.

எண்கள் உணர்த்துவது

2014இல் நமது அணி பெற்ற வாக்குகள் 3,82,019. 2019இல் 3,27,440. 2024இல் 2,98,645. பத்தாண்டுகளில் 83 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை நமது அணி இழந்திருக்கிறது. 2019க்கும் 2024க்கும் இடையே காங்கிரஸும் 66 ஆயிரம் வாக்குகளை இழந்தது. வாக்குப்பதிவு குறைந்ததும் இதற்கொரு காரணமே. ஆயினும் காங்கிரஸைக் கைவிட்டவர்கள் நம்மிடம் வரவில்லை என்பது தெளிவு. இதே காலத்தில் பாஜக அணி சுமார் 50 ஆயிரத்திலிருந்து 78,648க்கும், பின்னர் 91,323க்கும் உயர்ந்தது. இரு தேர்தல்களிலும் அவ்வணி பாரத் தர்ம ஜன சேனா வேட்பாளரையே நிறுத்தியது. உழைக்கும் மக்களின் ஒரு பகுதியைச் சாதியின் பெயரால் நம்மிடமிருந்து பிரிப்பதே அதன் நோக்கம். காங்கிரஸிடம் அடைந்த தோல்வியை விடக் கவலைக்குரிய போக்கு இதுவே.

2014இல் நாம் வென்றது எவ்வாறு? மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த காட்கில், கஸ்தூரிரங்கன் அறிக்கைகள் தம்மை வெளியேற்றிவிடும் என்று விவசாயிகள் அஞ்சினர். காட்கில் அறிக்கையை ஆதரித்த தன் உறுப்பினர் பி.டி.தாமஸுக்குக் காங்கிரஸ் மீண்டும் வாய்ப்பளிக்கவில்லை. உயர்மலைப் பாதுகாப்புச் சமிதியோடு சேர்ந்து நாம் 50,542 வாக்கு வித்தியாசத்தில் வென்றோம். அச்சம் தணிந்ததும் அவ்வாக்குகள் பழைய இடத்திற்கே திரும்பின. பட்டா நிலத்தின் பயன்பாட்டைச் சீர்செய்யும் நில ஒப்படைப்புத் திருத்த மசோதாவை இடதுசாரி அரசு 2023 செப்டம்பரில் நிறைவேற்றியது. அன்றைய ஆளுநர் அதை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டு, 2024 ஏப்ரல் 27 அன்று, அதாவது வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், கையெழுத்திட்டார். இந்த அநீதியைக் கூட விவசாயியின் வீட்டு வாசல்வரை கொண்டு சேர்க்க அமைப்பு பலம் தேவை. தேர்தல் நெருங்கும்போது மட்டும் எழுப்பப்படும் முழக்கத்தால் அது இயலாது.

நமது கடமை

ஒன்றிய அரசு 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கியுள்ளது. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகிய உரிமைகளைத் தோட்டத் தொழிலாளருக்கு வழங்கிய 1951ஆம் ஆண்டுச் சட்டமும் அதில் கரைக்கப்படுகிறது. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தம் இதற்கு எதிரானதே. தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் லயம் முதல் விவசாயியின் மிளகு மூட்டை வரை, இறுதி முடிவு தில்லியில் எடுக்கப்படுகிறது என்பதை விளக்கும் பணி இங்கிருந்தே தொடங்குகிறது.

கொச்சியில் வாழும் தமிழ்த் தோழர்களுக்கு இதில் தனிப் பங்குண்டு. கலூரிலும் வாத்துருத்தியிலும் கட்டடப் பணியும் பழைய பொருள் வணிகமும் சுமைப்பணியும் செய்யும் தமிழ் உழைப்பாளிகளுக்கும் ஏலத்தோட்டத்துக் கூலிகளுக்கும் நிலைமை ஒன்றே: உழைக்குமிடத்தில் குரலில்லை. பல்லாண்டுகளாக இங்கேயே வசிப்போரின் பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளதா என்று கிளைதோறும் சரிபார்த்தல் வேண்டும். மூணாறு, பீருமேடு தோட்டங்களிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் நகரம் வந்துள்ள இளைஞரோடு தொடர்பு கொள்ளுதல் வேண்டும். முல்லைப்பெரியாறு பிரச்சினை எழும்போதெல்லாம், 2011 டிசம்பரில் கண்டதுபோல, தமிழனையும் மலையாளியையும் மோதவிடும் சக்திகள் தலைதூக்கும். தமிழகத்துக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு என்ற நிலைபாட்டை இரு மொழிகளிலும் எடுத்துரைக்க வல்லவர்கள் நீங்களே.

2021இல் வென்ற ஐந்து சட்டமன்றத் தொகுதிகளிலும் வெல்வது உடனடிப் பணி. விவசாயியும் தொழிலாளியும் ஒரே கோரிக்கைப் பட்டியலோடு ஒரே மேடையில் நிற்கும் நிலையை உருவாக்குவது நெடும்பணி. முன்னது குறுகிய காலப் பணி. பின்னதை இன்றே தொடங்கினாலன்றி, முன்னதில் பெறும் வெற்றியும் நிலைத்து நில்லாது.