சாஹாவை எந்தப் படியில் அளப்பது?

ஒரு விஞ்ஞானியின் தகுதியை இன்று எண்ணில் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார், மற்ற ஆய்வாளர்கள் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதே கணக்கு. வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என எங்கும் இந்தக் கணக்கு வந்து நிற்கிறது. கல்லூரிப் படியேறும் நம் முதல் தலைமுறைப் பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்வது அவசியம்.

இவற்றில் பெயர்பெற்றது எச்-இண்டெக்ஸ். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தது. ஒருவரின் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 10. ஒரே ஒரு கட்டுரை எழுதியவருக்கு, அது பத்தாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் எண் 1தான்.

ஹிர்ஷ் அன்று தந்த பட்டியலில் இயற்பியலாளர் எட்வர்ட் விட்டனின் எண் 110. உயிரறிவியலாளர் சாலமன் ஸ்னைடரின் எண் 191. அதனால் விட்டன் சிறியவர் ஆகிவிடுவாரா? மாட்டார். உயிரறிவியலில் ஆய்வாளர்களும் அதிகம், கட்டுரைகளும் அதிகம், மேற்கோள்களும் அதிகம். கணிதம் போன்ற துறைகளில் இவையெல்லாம் குறைவு. நெல்லை மரக்காலில் அளக்கிறோம், பூவை முழத்தில் அளக்கிறோம். இரண்டின் அளவையும் எதிரெதிரே வைத்து எது பெரிது என்று கேட்க முடியுமா?

மேகநாத் சாஹாவின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1893-இல் டாக்கா அருகே சிற்றூரில் பிறந்தவர். தந்தை சிறு கடைக்காரர். கொல்கத்தா மாணவர் விடுதியில், சாதியைக் காரணம் காட்டிச் சக மாணவர்கள் சிலர் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தார்கள். அந்த மாணவர்தான் 1920-இல், விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிகாட்டிய சமன்பாட்டைத் தந்தார்.

அதற்குமுன் 1917-இல் அவர் அனுப்பிய ஒரு நீண்ட கட்டுரைக்கு, அச்சுச் செலவில் ஒரு பங்கை ஏற்கும்படி அமெரிக்க ஆய்விதழ் கேட்டது. அவரிடம் பணமில்லை. கட்டுரை, வெளியே அதிகம் போகாத கல்கத்தா பல்கலைக்கழக இதழில் வெளியானது. பலர் கண்ணில் படாத கட்டுரையைப் பலர் எப்படி மேற்கோள் காட்டுவார்கள்? பணமில்லாதவரின் எண் குறைவதற்கு அறிவு காரணமல்ல.

சாஹா ஆய்வுக்கூடத்தோடு நின்றவருமல்லர். 1943 தாமோதர் வெள்ளத்துக்குப் பின் அமைந்த விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டத்துக்காகத் தொடர்ந்து எழுதினார். கொல்கத்தாவில் அணு இயற்பியல் நிறுவனம் கட்டினார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1957-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டி அக்குழுவின் பரிந்துரையே. வெள்ளம் வடிந்த ஊருக்கும் திருத்திய நாட்காட்டிக்கும் மேற்கோள் பட்டியலில் இடம் ஏது? அவருடைய சமன்பாடே இன்று பாடநூலுக்குள் போய்விட்டது. பாடநூலாகிவிட்ட அறிவைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை.

எண்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டியவருக்கு வேண்டியதைச் செய்யும் தேர்வுக் குழுவின் முன், எண் சில நேரம் எளியவருக்குத் துணை நிற்கும். ஆனால் எண்ணை ஒரே துறைக்குள், ஒத்த வயதினரிடையே மட்டுமே ஒப்பிட வேண்டும். துறைக்குத் துறை வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளுங்கள், உள்ளூர்த் தேவைக்கான ஆய்வைக் காப்பாற்றுங்கள் என்று 2015-இல் வெளியான லெய்டன் அறிக்கையும் சொல்கிறது. தமிழில் எழுதப்படும் ஆய்வுக்கு இது உயிர்நிலை. உலகத் தரவுத்தளங்கள் பெரிதும் ஆங்கில இதழ்களையே எண்ணுகின்றன. நம் ஊர் ஏரியையும் துப்புரவுத் தொழிலாளரின் நோயையும் பற்றித் தமிழில் எழுதும் மாணவிக்கு அங்கே கிடைப்பது சுழியம்தான்.

தேர்வுக் குழுக்களிடம் நாம் கேட்பது ஒன்றே: எண்ணைப் பார்ப்பதற்குமுன் கட்டுரையைப் படியுங்கள். மாணவர்களுக்கும் ஒரு சொல். எண் வராது என்று அஞ்சி உங்கள் ஊருக்குத் தேவையான ஆய்வைக் கைவிடாதீர்கள். நேர்காணலில் எண்ணைக் கேட்டால், எந்தத் துறையின் எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பணிவாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள்.