தோல்வி யாருடையது?

வெற்றிக் கோப்பையுடன் விளையாட்டு அணி திரும்பும் நாளில் பள்ளி வாயிலில் கூட்டம் கூடுகிறது. கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆகிறது. நிழற்படம் எடுக்கிறார்கள், அப்படம் ஆண்டு மலரிலும் இடம் பெறுகிறது. வெறுங்கையுடன் திரும்பும் நாளில் அதே வாயிலில் யார் நிற்கிறார்கள்? இந்தக் கேள்வியை இவ்வாண்டு எங்களையே நாங்கள் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. விடை எங்களுக்குப் பெருமை தருவதாக இல்லை. ஆயினும் எழுதுகிறோம்.

அண்ணா விளையாட்டரங்கில் நடந்த போட்டியில் எங்கள் 4×400 மீட்டர் தொடர் ஓட்ட அணி இரண்டாம் சுற்று முடியும்வரை முதலிடத்தில் இருந்தது. மூன்றாவதாக ஓடிய தோழி பேட்டனை வாங்கிப் பத்தடி சென்றிருப்பாள்; அது கைதவறி விழுந்தது. அவள் திகைத்து நின்றாள். மற்றப் பள்ளி மாணவியர் ஒருவர் பின் ஒருவராக அவளைக் கடந்து சென்றனர். அவள் முகத்தை மூடிக்கொண்டு பாதையை விட்டு விலகினாள். நான்காவதாக ஓட வேண்டியவள் ஓடாமலே திரும்பினாள்.

தோழியின் வீடு ஸ்ரீரங்கத்தில். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நாங்களும் உடன் வந்தோம். ஜன்னலோரம் தனியே உட்கார்ந்திருந்தவளிடம் எவரும் பேசவில்லை. சத்திரத்தில் இறங்கியவர்கள் அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே இறங்கினோம். பஸ் காவிரிப் பாலத்தைக் கடந்தபோது அவள் அழுதாள் என்று ஸ்ரீரங்கத்து மாணவியர் பிறகு சொன்னார்கள். மறுநாள் வகுப்பில், "அவளால்தான் போயிற்று" என்ற பேச்சு அவள் காதில் விழும்படியே நடந்தது. பேசியவர்களுள் நாங்களும் உண்டு.

இரண்டே வாரங்களில் அவள் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள். "பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று மேலும் இருவர் வீட்டில் தடுத்துவிட்டார்கள். நால்வர் இருந்த அணியில் ஒருத்தி மிஞ்சினாள். ஒருத்தியை வைத்துக்கொண்டு தொடர் ஓட்டம் ஓட முடியுமா?

அதன் பிறகுதான் ஓர் உண்மை எங்களுக்குத் தெரிந்தது. பேட்டன் கீழே விழுந்தால் பந்தயம் முடிந்துவிடுவதில்லை. யார் கையிலிருந்து விழுந்ததோ அவரே அதை எடுத்துக்கொண்டு தொடர்ந்து ஓடலாம். பிறருக்கு இடையூறு செய்யாமலும், ஓட வேண்டிய தூரம் குறையாமலும் இருந்தால் போதும். அணியை நீக்க மாட்டார்கள். இதை உடற்கல்வி ஆசிரியை விளக்கியபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தோழியிடம் ஓடிப்போய், "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டோம். "எடுத்தால் தப்பு என்று நினைத்தேன்" என்றாள். அத்தனை நாளும் அவளை இப்படி ஒரு வார்த்தை கேட்க எங்களுக்குத் தோன்றவில்லையே! அணியில் எவருக்கும் இவ்விதி தெரியாது. வேகமாக ஓடப் பழகினோமே தவிர, விழுந்தால் என்ன செய்வது என்று ஒருநாளும் பழகவில்லை. அப்படியானால் அந்தத் தோல்வி யாருடையது? அவள் ஒருத்தியுடையதா?

இதே ஓட்டத்தில் நம் நாட்டு அணிகள் பட்டதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 மே மாதம் பஹாமாஸ் நாட்டின் நசாவ் நகரில் உலகத் தொடர் ஓட்டப் போட்டி நடந்தது. முதல் நாள் இந்திய ஆண்கள் அணியில் இரண்டாவதாக ஓடிய தமிழ்நாட்டு வீரர் ராஜேஷ் ரமேஷுக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டது. அவர் பாதியில் நின்றார்; அணி பந்தயத்தை முடிக்கவே இல்லை. மறுநாள் அவருக்குப் பதிலாக, நம் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் களம் இறங்கினார். அணி 3 நிமிடம் 3.23 வினாடியில் இரண்டாவதாக வந்து பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. மூன்று மாதம் கழித்துப் பாரிஸில் ஓடிய அணியில் ராஜேஷ் ரமேஷ் மீண்டும் இடம் பெற்றார். பாதியில் நின்றவரை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. இதுவே எங்கள் மனத்தைச் சுட்டது.

பெண்கள் அணியின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசன் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். ஆரோக்கிய ராஜீவும் மதுரை ரேவதியும் அதே அணியில் இருந்தனர். தம் பிரிவில் அவர்கள் கடைசியாக வந்தனர். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுபா இடம் பெற்ற பெண்கள் அணி 3 நிமிடம் 27.85 வினாடியில் ஓடி வெள்ளி வென்றது. அடுத்த ஆண்டே பாரிஸில் 3 நிமிடம் 32.51 வினாடி, மறுபடியும் தம் பிரிவில் கடைசி. 2025 மே மாதம் தென்கொரியாவின் கூமி நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், பெண்கள் தொடர் ஓட்டம், கலப்புத் தொடர் ஓட்டம் இரண்டிலும் இந்தியாவுக்குத் தங்கம். இரண்டு அணியிலும் சுபா இருந்தார். பாரிஸோடு அவர் காலணியைக் கழற்றி வைத்திருந்தால் கூமி ஏது?

"தோற்றவர்களைத் தட்டிக்கொடுத்தால் தோல்வியே பழகிவிடும், போட்டி என்றால் வெற்றிதான் வேண்டும்" என்று சிலர் சொல்லக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோல்வியை வெற்றி என்று பூசி மெழுக நாங்களும் விரும்பவில்லை. கடைசி என்றால் கடைசிதான். ஆனால் தவறு எங்கே என்று ஆராய்வது வேறு. தவறியவளைத் தள்ளி வைப்பது வேறு. முதலாவது அணியை வளர்க்கும். இரண்டாவது அணியையே கலைக்கும். எங்கள் அணி கலைந்தது பேட்டன் விழுந்ததால் அன்று. அதற்குப் பின் நாங்கள் நடந்துகொண்ட விதத்தால்தான். வள்ளுவர் ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் அதிகாரங்கள் வகுத்ததோடு நிற்காமல், இடுக்கணழியாமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தது வீணாகவா?

தொடர் ஓட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. நூறு மீட்டரில் பேட்டனை வாங்குபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கையைப் பின்னே நீட்டியபடி ஓடுவார். நானூறு மீட்டரில் அப்படியன்று. வருபவர் முழுச் சுற்று ஓடிக் களைத்து வருவார். அவர் கால் தளரும், கை நடுங்கும். ஆகவே வாங்குபவர்தான் திரும்பிப் பார்த்து, அவர் நிலை அறிந்து வாங்க வேண்டும். களைத்து வந்த தோழியை நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பிழை அதுவே.

எனவே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். அருட்சகோதரிகளுக்கு: காலைக் கூட்டத்தில் வென்ற அணியின் பெயர்களை வாசிப்பது போலவே, போய்த் தோற்று வந்தவர்களின் பெயர்களையும் வாசியுங்கள். பெற்றோருக்கு: தேர்வைக் காட்டித் தடுப்பதற்கு முன், "நீ ஓட விரும்புகிறாயா?" என்று மகளை ஒருமுறை கேளுங்கள், வாரத்தில் மூன்று மாலைப் பொழுதுகளே நாங்கள் கேட்பவை. மாணவியருக்கு: தோற்றவள் பக்கத்தில் அன்றைக்கே போய் உட்காருங்கள், இரண்டு வாரம் தாமதிக்காதீர்கள்.

எங்கள் ஸ்ரீரங்கத்துத் தோழியின் வீட்டுக்கு ஒரு ஞாயிறன்று நால்வர் சென்றோம். மன்னிப்புக் கேட்டோம். அவள் அம்மா காபி கொடுத்தார், அதிகம் பேசவில்லை. அடுத்த புதன்கிழமை மாலை அவள் மைதானத்துக்கு வந்தாள். வீட்டில் தடுத்த இருவருள் ஒருத்திக்கும் இப்போது அனுமதி கிடைத்திருக்கிறது. இன்னும் ஒருத்தி வேண்டும். பயிற்சியின்போது பேட்டனை வேண்டுமென்றே கீழே போட்டு, எடுத்து ஓடிப் பழகுகிறோம். வரும் ஆண்டு வெல்வோமா என்பது தெரியாது. விழுந்தால் எடுத்துக்கொண்டு ஓடுவோம் என்பது மட்டும் தெரியும்.