சத்திரத்தான் பெற்ற பணம்

இங்கிலாந்தில் 2012 ஏப்ரலில் எட்டுப் பகுதிகளில் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. மதுவுக்கும் போதைக்கும் அடிமையானோர் குணமடைந்தால்தான் மறுவாழ்வு நிலையத்திற்குரிய பணத்தில் ஒரு பங்கு கிடைக்கும். நியாயமாகவே தோன்றும், வரிப்பணம் அல்லவா! ஆயினும் மற்றப் பகுதிகளைவிட அங்கே சிகிச்சையை முடித்தோர் குறைவென்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டனர். எனக்கு வியப்பில்லை. பலமுறை விழுந்து எழுகிறவனை எந்த மாதக் கணக்கில் எழுதுவது? எளிதில் தேறுகிறவனையே தேடும் சோதனையும் அதில் உண்டு.

நல்ல சமாரியன் சத்திரத்தானுக்கு இரண்டு பணத்தை முன்னதாகவே கொடுத்தான். அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். காயப்பட்டவன் பிழைத்தால்தான் என்று நிபந்தனை வைக்கவில்லை. கணக்கே கேட்கவேண்டாம் என்பதல்ல. எத்தனை நாள், எவ்விதமாய் விசாரித்தார்கள் என்று கேட்கட்டும்.