பெயின்ட் பேசும்போது ஈயத்தையும் பேசுங்கள்

நெய்வேலியில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பேசினால், சதுர அடிக்கு என்ன விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பழைய பூச்சை எப்படித் தேய்ப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டால் கிளம்பும் ஈயத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். நாள்தோறும் சுவாசிக்கும் பெயின்டருக்கும் நஞ்சு.

பேரன் தவழும் வீடு எங்களுடையது. அதனால் நனைத்துத் தேய்ப்பது, நல்ல முகக்கவசம், பட்டி, பிரைமர், இரண்டு கோட் என எல்லாவற்றையும் தாளில் எழுதி, கூலியையும் கூட்டியே பேசினேன். ஐப்பசி மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில் நீங்களும் இதை விட்டுவிடாதீர்கள்.