இறக்கம் தெரிந்தவர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் கொடைக்கானல் ஏரிச் சாலை காலை ஒன்பது மணி வரைக்கும் ஊர்க்காரர்களுக்குத்தான். மேகம் தண்ணீர் மேலேயே படுத்துக் கிடக்கும். குதிரைக்காரர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். பால் கேன் கட்டிய ஸ்கூட்டர் ஒன்று, நடைக்கு வந்த ரெண்டு பெரியவர்கள், நான். அந்த நேரத்தில் வாடகை சைக்கிள் கடையின் ஷட்டர் ஏறுகிற சத்தம் அக்கரை வரைக்கும் கேட்கும்.

கடையின் பெரியவர் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவதற்கு முன்னால் செய்கிற காரியம் ஒன்று உண்டு. வரிசையாக நிற்கிற நாற்பது சைக்கிளிலும் ஒவ்வொன்றாகப் போய், முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வண்டியை முன்னால் ஒரு தள்ளுத் தள்ளுவார். பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். எழும்பினால் அடுத்த வண்டி. எழும்பாமல் முன் சக்கரம் உருண்டுகொடுத்தால் அதை வரிசையிலிருந்து உருவி ஓரமாகப் போட்டுவிடுவார். நேற்று சாயங்காலம் நன்றாகப் பிடித்த பிரேக்குக்கு ராத்திரியில் என்ன வந்துவிடும் என்று ஒருமுறை கேட்டேன். “ஈரம் தம்பி. ஒயருக்குள்ள தண்ணி இறங்கியிருக்கும்” என்றார்.

அவரை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். 1994இல் கல்லூரி நண்பர்களோடு வத்தலக்குண்டில் பஸ் ஏறி வந்தபோது இதே கடையில்தான் சைக்கிள் எடுத்தேன். “ஏரியைச் சுத்தி மட்டும் ஓட்டுங்க, மேல ஏத்தாதீங்க” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கேட்கவில்லை. ஏழு ரோடு சந்திப்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், தூறலில் ஏறி உட்கார்ந்து இறங்கினேன். பிரேக்கைப் பிடித்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கொஞ்சம் பிடித்தது. அதற்குள் வளைவு வந்துவிட்டது. கருங்கல் சுவர். முழங்கையில் ஏழு தையல். தவறு முழுக்க என்னுடையது.

அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, கோணிப்போன ரிம்முக்குக் காசு கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏறுறதுக்கு உங்களுக்குக் காலு இருக்கு. இறங்குறதுக்கு நான் போட்ட கட்டை மட்டுந்தான் இருக்கு. சொல்லாமக் கொண்டுபோயிட்டீங்களே” என்றார். குரலில் கோபத்தைவிட நடுக்கம்தான் அதிகம். அன்று எனக்கு அது புரியவில்லை. வேலை மாற்றலாகி இந்த ஊருக்கே குடிவந்து, காலை நடையில் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கப் பழகிய பிறகுதான் புரிந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் இறக்கத்துக்குப் பொறுப்பேற்று வண்டியைக் கையில் கொடுக்கிறவர்கள் இவர்கள். வாடகை வசூலிக்கிறவர்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு நாம் போய்விடுகிறோம்.

ஏரிச் சாலை சமதளம்தானே, அங்கே என்ன இறக்கம் என்று கேட்கலாம். 1863இல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், பள்ளத்தாக்கில் ஓடிவந்த நீரை மறித்து உண்டாக்கிய ஏரி இது. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் போல ஓடும் சாலை சமமாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளத்தில் இருக்கிற ஏரிக்கு ஊருக்குள்ளிருந்து வருகிற பாதை இறக்கமாகத்தானே இருக்கும்? எத்தனை தடவை சொன்னாலும் பத்துப் பேரில் ஒருவர் மேலே ஏற்றிப் பார்த்துவிடுவார் என்று பெரியவருக்குத் தெரியும். அந்த ஒருவரை மனத்தில் வைத்துத்தான் நாற்பது வண்டிக்கும் பிரேக் கட்டுகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் இறங்கிவந்து நிற்க வேண்டுமானால், ஏறக்குறைய 78 கிலோ ஜூல் ஆற்றலை எங்கேயாவது கரைத்தாக வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், டயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நிதானமாக இறங்கினால் மிச்சம் பெரும்பாலும் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாகத்தான் இறங்கும். அந்த 78 கிலோ ஜூலில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கீழே வத்தலக்குண்டு 300 சொச்சம். நடுவில் இருக்கிற 1,800 மீட்டரையும் ஒருவர் சைக்கிளில் இறங்கினால், கணக்குப்படி நாலு லிட்டர் தண்ணீர் கொதிக்கிற சூடு. அதைத் தாங்க சக்கரத்துக்கு ரெண்டாக நாலே நாலு ரப்பர் கட்டைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.

மழை வந்தால் விஷயம் இன்னும் மோசம். ரிம்மில் ஒட்டிய தண்ணீரைக் கட்டை முதலில் வழித்துத் தள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். நான் சுவரில் மோதியது அந்த வழித்துத் தள்ளுகிற நேரத்தில்தான். பழைய பளபளப்பான இரும்பு ரிம்மில் ஈரம் பட்டால் பிரேக் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அலுமினிய ரிம் அவ்வளவு மோசமில்லை. கையில் காசு சேரச் சேர, வருஷத்துக்கு நாலைந்து வண்டியாகப் பெரியவர் எல்லாவற்றையும் அலுமினியத்துக்கு மாற்றினார். அதற்காக வாடகையை ஏற்றவும் இல்லை, போர்டில் எழுதி வைக்கவும் இல்லை.

கடையில் மூன்று பேர். பெரியவர் கீழ்நாட்டில் பதினாலு வயதில் தொழிலுக்கு வந்தவர். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கிறது, அச்சைக் கழற்றி பால்ரஸைப் பொறுக்கி மண்ணெண்ணெயில் கழுவுகிறது, வால்டியூப் மாற்றுகிறது, வருஷத்துக்கு ஒருதரம் ஓவராயில் செய்கிறது என்று வரிசையாக ஒரு கடை வாசலில் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்துச் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். இன்றைக்கும் சொல்கிறார். தரையில் ஓடுகிற சைக்கிளுக்குச் செயினும் டியூபும் நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிரேக் பிடிக்காவிட்டால் காலைத் தேய்த்து நிறுத்திவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே மறக்கவே தனக்கு ரெண்டு வருஷம் ஆயிற்று என்பார்.

இரண்டாவது ஆள் இளைஞர், மன்னவனூர்ப் பக்கம் சொந்த ஊர். கியர் வண்டிகள் அவர் பொறுப்பு. பின்னால் ஏழு பல்சக்கரம், முன்னால் மூன்று, நடுவில் தாவித் தாவிப் போகிற செயின். இதைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் கிடையாது; ராத்திரி போனில் வீடியோ பார்த்து, காலையில் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்த வயதில் இத்தனை பொறுமையோடு ஸ்குரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பார்க்கிற கையை நான் அதிகம் கண்டதில்லை.

மூன்றாவது, நோட்டு எழுதுகிற அக்கா. இந்தக் கடையின் பெரிய திறமை இவரிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் செருப்பைப் பார்ப்பார், துப்பட்டாவைப் பார்ப்பார், சைக்கிளைத் தொடுகிற கையைப் பார்ப்பார். ஓட்டத் தெரிந்தவர்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற விதம் வேறு. சந்தேகம் வந்தால் “ஒரு பத்தடி ஓட்டிக் காமிங்க சார்” என்று சொல்லத் தயங்க மாட்டார். துப்பட்டா தொங்கினால் எழுந்துபோய், “இருங்க பாப்பா” என்று தானே இடுப்பில் முடிந்துவிடுவார். ரெண்டு பேர் மிதிக்கிற நீள சைக்கிள் நாலைந்து இருக்கிறது. புதுமணத் தம்பதிகள் வந்ததும் அதைத்தான் கேட்பார்கள். ரெண்டு ஆள் பாரம், நிறுத்துவதற்கு அதே ரெண்டு சக்கரம். முன்னால் உட்காருகிறவருக்குத்தான் பிரேக் என்பதால், யார் முன்னால் உட்கார வேண்டும் என்பதை அக்காதான் தீர்மானிப்பார். பலமுறை கணவனைப் பின்னால் அனுப்பியிருக்கிறார். அவர் சொல்லி மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

மே மாதத்துக் கூட்டத்தில் அந்த வரிசையில் நின்றவர்கள் இதையெல்லாம் கவனித்திருக்க வாய்ப்பில்லை. பத்து நிமிஷத்துக்கு மேல் காத்திருந்தால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. அக்கா ஒரு குடும்பத்துக்கு வண்டி இல்லை என்று சொல்லிவிட்டால் அவரிடம் கத்துவார்கள். ஓரமாக மூன்று வண்டி சும்மா நிற்கிறதே என்று காட்டுவார்கள். அந்த மூன்றும் காலையில் பெரியவரின் தள்ளலுக்குத் தேறாதவை.

போன மாதம் இளைஞர் போனில் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், மரின் என்ற மலைப்பகுதி. 1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபேக்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு மண் பாதையில் சில இளைஞர்கள் சைக்கிளில் இறங்கிப் பந்தயம் நடத்தினார்கள். இரண்டு மைல் சொச்சத்தில் 1,300 அடி இறக்கம். வண்டிகள் 1930, 40களின் கனத்த பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் அச்சுக்குள்ளேயே பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் அந்த அச்சுக்குள் இருந்த கிரீஸ் எரிந்து புகையாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் அச்சைக் கழற்றி மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான கேரி ஃபிஷர் பழைய வண்டியில் டிரம் பிரேக்கும் கியரும் பொருத்தினார். ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே புதுச் சைக்கிள் சட்டகம் செய்தார். 1979இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் சேர்ந்து ‘மவுண்டன்பைக்ஸ்’ என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்க மலை சைக்கிளுக்கு வழங்குகிற பெயர் அது.

பெரியவர் முழுக்கக் கேட்டார். பந்தயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “என்ன கிரீஸ் போட்டாங்களாம்?” என்றார். இளைஞருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எரியிற வாசம் வந்திருக்கும். அதுக்கப்புறமும் மேல ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க பாரு” என்றார். எங்கோ இருந்த அந்தப் பையன்களுக்காக அவர் இப்போது கவலைப்படுவது போல இருந்தது.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தருகிற விலையில்லா சைக்கிளும் இங்கே வரும். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரே கியர் வண்டியை வைத்துக்கொண்டு மலைக் கிராமத்துப் பிள்ளை என்ன செய்யும்? முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஐந்து மீட்டர் போகும். தரையில் அது சுகம், ஏற்றத்தில் முழங்கால் கழன்றுவிடும். பெரியவர் பின்னால் 22 பல் பிரீவீல் மாற்றிக் கொடுக்கிறார். ஒரு சுற்றுக்கு நாலு மீட்டர் சொச்சம்தான் போகும், ஆனால் பிள்ளை இறங்கித் தள்ள வேண்டிய தூரம் குறைகிறது. பிரீவீலுக்கு மட்டும் காசு, கூலி வாங்குவதில்லை. மலை ஊர்களுக்கு அனுப்பும்போதே இப்படி மாற்றி அனுப்ப முடியாதா என்று கல்வித்துறையில் யாராவது யோசிக்க வேண்டும். பல்லின் எண்ணிக்கை மட்டும்தான் வித்தியாசம்.

2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று ஆனபோது கடையில் பேச்சு அதுதான். ஏரிச் சாலையில் கார் குறைந்தால் சைக்கிளுக்கு நல்லது, ஆள் குறைந்தால் கடைக்குக் கஷ்டம். ரெண்டையும் ஒரே மூச்சில் சொன்னார் அக்கா. கார் இல்லாமல் மனிதர்கள் ஊருக்குள் நகர வழி தேடுகிறவர்கள், முதலில் வந்து உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இந்தப் பெஞ்ச் என்பது என் கருத்து. எந்தச் சரிவில் யார் திணறுகிறார்கள், எந்த வளைவில் ஈரம் காயவே காயாது என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரேக் கீச்சிடுகிறது என்று வருகிறவர்கள் குறை சொல்வார்கள். கட்டையின் முன் நுனி ஒரு மயிரிழை முந்தித் தொடுகிற மாதிரி, பின் நுனிக்கடியில் அட்டைத் துண்டு வைத்து முறுக்கினால் சத்தம் அடங்கும். பெரியவர் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் வைக்கிறார். ஆனாலும் ஈரக்காற்றில் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு விதமாகக் கொஞ்சம் கத்தும்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. மேகம் சாலை மேலேயே இறங்கி, எதிர்க் கடையின் விளக்குகூட மங்கலாகத்தான் தெரிந்தது. முப்பத்தொன்பது வண்டி உள்ளே வந்துவிட்டது. ஒன்று வரவில்லை, நீள சைக்கிள், திருப்பூரிலிருந்து வந்த ஒரு ஜோடி. அக்கா நோட்டைத் திறந்தபடியே வைத்திருந்தார். இளைஞர் ரெண்டு தடவை போன் அடித்துப் பார்த்தார், சிக்னல் இல்லை. பெரியவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்து நின்றார். நானும் கூட நின்றேன். குதிரைகள் லாயத்துக்குத் திரும்பிப் போயின. கொஞ்ச நேரம் தண்ணீரில் தூறல் விழுகிற சத்தம் மட்டும்.

பிறகு தூரத்தில் எங்கோ மேகத்துக்குள் மெல்லிசாக ஒரு கீச்.

பெரியவர் டார்ச்சை அணைத்தார். கடைப்பக்கம் திரும்பி, “ஏழாம் நம்பர், அடிச்சிரும்மா” என்றார்.