விடைகொடுத்த கைகள்

முதல் உலகப் போர் முடிந்ததும், பிரிட்டிஷ் படை தன் குதிரைகள் பலவற்றை எகிப்திலேயே விற்றுவிட்டுப் போனது. 1930-ல் ராணுவ அதிகாரியின் மனைவியாகக் கெய்ரோ வந்த டாரதி புரூக், அவை எலும்பும் தோலுமாய் உழைப்பதைக் கண்டு கலங்கினார். மறு ஆண்டு லண்டன் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார், நன்கொடை குவிந்தது.

சுமார் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை தேற முடியாத நிலை. அவற்றுக்கும் வைக்கோல் படுக்கை, வயிறாரத் தீனி, சில நாள் ஓய்வு தந்து, பிறகே வலியின்றி விடைகொடுத்தார்.

1934-ல் குதிரைகளுக்கு இலவச ஆஸ்பத்திரி தொடங்கினார். 1955-ல் கெய்ரோவிலேயே கண்மூடினார். ஆனால், அவர் தொடங்கிய வைத்தியம் நிற்கவில்லை. இன்று பல நாடுகளில் தொடர்கிறது. அவருக்கு உலகம் செய்த நல்ல வழியனுப்புதல் அதுதான்!