மதுவை மட்டும் விலக்கினால் போதுமா? மூளைப் பாதுகாப்பும் நம் கடற்கரை முஸ்லிம்களும்

"வாப்பா லுஹர் தொழுததை மறந்துவிட்டு மறுபடியும் மறுபடியும் தக்பீர் கட்டுகிறார், என்ன செய்வது?" "உம்மாவுக்கு நோன்பு என்பதே நினைவில் நிற்பதில்லை, ஃபித்யா கொடுக்க வேண்டுமா?" "நினைவு தப்பிய பிறகு பெரியவர் ஒரு மகனுக்கு மட்டும் வீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார், அந்த ஹிபா செல்லுமா?" தூத்துக்குடி, காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் பகுதிகளில் உள்ள ஆலிம்களிடம் இத்தகைய கேள்விகள் முன்பைவிட அதிகமாக வருகின்றன.

ஃபிக்ஹ் நூல்களில் இவற்றுக்குப் பதில் இருக்கிறது. அறிவு முற்றாக நீங்கியவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை. தெளிவு வந்து வந்து போகிறவருக்குத் தெளிவான நேரத்தில் மட்டுமே கடமை. சொத்தைக் கொடுப்பவருக்கு அறிவுத் தெளிவு இருப்பது நிபந்தனை. அது இல்லாதபோது வாங்கிய கையொப்பம் மார்க்கத்திலும் செல்லாது, நாட்டுச் சட்டத்திலும் செல்லாது. ஒவ்வொரு வீட்டின் நிலையையும் நேரில் விசாரித்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். ஆனால் நம்மிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த நிலை வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே ஏதாவது செய்திருக்க முடியுமா?

முடியும் என்றுதான் மருத்துவ உலகம் இப்போது சொல்கிறது. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024 ஜூலை இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் டிமென்ஷியா எனும் நினைவுச் சிதைவு நோய்க்கு ஆளாகிறவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு அதைத் தடுத்திருக்கலாம் அல்லது தள்ளிப் போட்டிருக்கலாம். அதற்கு 14 காரணிகளை அந்தக் குழு பட்டியலிட்டது. இந்தியாவில் இந்நோயோடு வாழும் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 88 லட்சம் பேர் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அந்த வயதினரில் 100க்கு 7 பேருக்கு மேல். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும், படித்தவர்களைவிடப் படிப்பில்லாதவர்களிடமும் அது அதிகம்.

அறிவைப் பாதுகாத்தல், 'ஹிஃப்ளுல் அக்ல்', ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்பது நாம் மதரஸாவில் ஓதியது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'அல்முஸ்தஸ்ஃபா'வில் தீன், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் என்று ஐந்தையும் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் மிம்பரில் இதைப் பேசும்போது நாம் சொல்லும் உதாரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மது. மதுவைத் தொடாதவன் அறிவைப் பாதுகாத்துவிட்டான் என்று பயானும் முடிந்துவிடுகிறது, கேட்பவரின் மனமும் நிம்மதியடைந்துவிடுகிறது.

அந்த அறிக்கையின் கணக்கை இங்கே பொருத்திப் பார்ப்போம். உலகளவில் தடுக்கக்கூடிய அந்த 45இல் அளவுக்கு மீறிய மதுவின் பங்கு 1. காது கேளாமையின் பங்கு 7. கெட்ட கொழுப்பின் பங்கும் 7. தனிமை 5, சிறுவயதில் படிப்பின்மை 5. இதைப் படித்து மது லேசான விஷயம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அது ஹராம் என்பது எந்த ஆய்வின் சதவீதத்தையும் நம்பி நிற்கவில்லை. குடியால் சிதைந்த குடும்பங்களின் கணக்கும் இதில் சேரவில்லை. நாம் சொல்ல வருவது, மது இல்லாத வீட்டுக்குள்ளும் அறிவைக் கெடுக்கும் வாசல்கள் பல திறந்து கிடக்கின்றன என்பதைத்தான்.

காதிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் நம் கரைக்கு அது பழைய கதை. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதன் பிறகு முத்து நின்றது, சங்கு குளிப்பு நிற்கவில்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முதல் அடி செவிப்பறைக்குத்தான். மூச்சடக்கிக் குளித்த காலம் போய், கம்ப்ரஸர் வழியாகக் காற்று வாங்கி அடியில் நெடுநேரம் இருக்கும் பழக்கம் வந்தபோது ஆபத்து இன்னும் கூடியது. அடியிலிருந்து விரைந்து மேலேறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும். படகு எஞ்சின் அறை, பட்டறை, லாரி என்று சத்தத்தோடு பிழைக்கும் சகோதரர்களும் இங்கே ஏராளம். இப்போது இளைஞர்கள் காதுக்குள் இயர்போனைச் சொருகிக் கொண்டு அதே வேலையைச் சொந்தச் செலவில் செய்கிறார்கள்.

காது மங்கினால் மூளைக்கு என்ன? அரைகுறையாகக் கேட்டதைப் புரிந்துகொள்ளவே மூளை தன் சக்தியைச் செலவிடுகிறது. பிறகு மனிதர் பேச்சைக் குறைக்கிறார். திருமண வீட்டில் ஓர் ஓரமாக உட்காருகிறார். குத்பாவில் என்ன சொன்னார்கள் என்று பேரன் கேட்டால் சிரித்து மழுப்புகிறார். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், காது கருவி அணிந்ததால் மொத்தக் குழுவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இதய நோய், சர்க்கரை போன்ற ஆபத்துகள் அதிகம் இருந்த பிரிவினரிடம் நினைவுத்திறன் சரியும் வேகம் மூன்று ஆண்டுகளில் 48 சதவீதம் குறைந்தது. நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அந்தப் பிரிவில்தான் வருவார்கள்.

கண்ணாடி போட வெட்கப்படாத நாம் காது கருவிக்கு ஏன் வெட்கப்படுகிறோம் என்று தெரியவில்லை. கருவியோடு தொழலாமா என்று கேட்கிறார்கள், தாராளமாகத் தொழலாம். உளூவில் காதைத் தடவும்போதும் கடமையான குளிப்பின்போதும் கழற்றிக் கொண்டால் போதும். தகுதியுள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக அரசே கருவி வழங்குகிறது.

அடுத்தது இரத்த அழுத்தம். இது வலிக்காது. தலை சுற்றவில்லையே, எனக்கென்ன என்று கேட்பவரின் மூளைக்குள் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் வருடக் கணக்கில் தடித்துக் கொண்டிருக்கும். பக்கவாதம் ஒரே நாளில் தெரிந்துவிடும். சின்னச் சின்ன அடைப்புகளால் அறிவு தேய்வது பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் 40 வயதிலேயே கவனிக்கச் சொல்கிறார்கள். மேல் அளவை 140க்குள் வைத்திருந்தவர்களையும் 120க்குள் வைத்திருந்தவர்களையும் ஒப்பிட்டு, 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. 120க்குள் இருந்தவர்களிடம் நினைவுக் குறைபாட்டின் தொடக்க நிலை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. எந்த அளவு யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாமாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

நாம் அதிகம் காணும் தவறு, அளவு சரியாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவது. மாத்திரை சாப்பிடுவதால்தான் அளவு சரியாக இருக்கிறது, காக்கா! தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டும்போது, நாங்கள் பிரைவேட்டில் பார்த்துக் கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டு, பிரைவேட்டிலும் பார்க்காத வீடுகள் நம்மிடம் உண்டு.

உணவைப் பற்றிப் பேசினால் நம் ஊரில் விரோதம் வரும். இருந்தாலும் சொல்ல வேண்டும். களறிச் சாப்பாடு நம் அடையாளம். மாதம் ஒரு நிகாஹ் விருந்தால் யாருக்கும் மூளை கெட்டுவிடாது. வெளிநாட்டுப் பணம் வந்த பிறகு களறி வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கே வந்துவிட்டது, இரவில் பரோட்டாவும் சால்னாவும் சேர்ந்துகொண்டன. கரையில் மலிவாக இறங்கும் சாளையும் நெத்திலியும் ஏழை மீன் என்று ஒதுங்கிவிட்டன. இதயத்துக்கும் மூளைக்கும் உகந்த கொழுப்பு அந்தச் சாளையில்தான் இருக்கிறது. இது உப்பு விளையும் மாவட்டம் வேறு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை ஸஹனைச் சுற்றி உட்காரும்போதும் நினைத்துக் கொள்ளலாம்.

தலையில் படும் அடியும் அந்தப் பட்டியலில் உண்டு. தொப்பி ஹெல்மெட் ஆகாது. திருச்செந்தூர் சாலையில் மூன்று பேராகப் பைக்கில் பறக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தனிமை என்ற வாசல்தான் நம் சமுதாயத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆண்களுக்கு ஐந்து வேளைப் பள்ளிவாசல் இருக்கிறது. நடந்து போவதும், ஸலாம் சொல்வதும், தொழுத பின் திண்ணையில் நாலு வார்த்தை பேசுவதும் மூளைக்கு மருந்து. நம் கடற்கரை ஊர்களில் பெண்களுக்கும் ஒரு பாதுகாப்பு இருந்தது. மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவது காயல்பட்டினம் போன்ற ஊர்களின் வழக்கம் என்பதால், மகள் உம்மாவை விட்டுப் பிரிவதில்லை. பெண்கள் தைக்காக்கள் இருந்தன, அக்கம் பக்கத்து வீடுகள் இருந்தன. இப்போது மகள் குடும்பத்தோடு சென்னைக்கோ துபாய்க்கோ ஹாங்காங்குக்கோ போய்விட்டாள். பெரிய வீடு, ஏசி, கேமரா எல்லாம் இருக்கின்றன, பேச ஆளில்லை. தினமும் வீடியோ காலில் பேசுகிறோமே என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பேசுவது பிள்ளைகள்தாம், உம்மா தலையாட்டுகிறார். காதும் கேட்காவிட்டால் அதுவும் வீண். ஏற்கெனவே பெண்களிடம் இந்நோய் அதிகம் என்று பார்த்தோம். பத்தாம் வகுப்போடு மகளின் படிப்பை நிறுத்துகிறவர்கள், படிப்பின்மைக்கு அந்த அறிக்கை கொடுத்த எண்ணையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். சிறுவயதில் படித்த மூளைக்கு முதுமையின் சேதத்தைத் தாங்கும் இருப்பு அதிகம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

இதையெல்லாம் பேசும்போது இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, கருஞ்சீரகமும் ஹிஜாமாவும் இருக்க மாத்திரை எதற்கு என்பது. கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை, உண்ணுங்கள். ஆனால் அழுத்த மாத்திரையை நிறுத்துவதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை. குர்ஆன் ஓதுகிறவருக்கு முதுமையில் அறிவு தடுமாறாது என்ற கருத்து சில தஃப்ஸீர்களில் வருகிறது. அது நல்ல நம்பிக்கை, ஓதுவதற்குத் தூண்டுதல். ஆனால் வாழ்நாள் முழுதும் ஓதிய ஹாஃபிழ்களும் பக்கவாதத்தில் விழுந்திருக்கிறார்கள்.

இரண்டாவது பதில், இது முதுமை, அல்லாஹ்வின் நாட்டம், இதற்கு மருந்தில்லை என்பது. எல்லா நோய்க்கும் மருந்துண்டு, முதுமையைத் தவிர என்ற கருத்தில் உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை இதற்குக் காட்டுகிறார்கள். அந்த ஹதீஸ் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவுவதோடு தொடங்குகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். மேலும் டிமென்ஷியா முதுமையின் இயல்பான பகுதி அல்ல, மூளையைத் தாக்கும் நோய். 90 வயதிலும் தெளிவாகப் பாடம் சொன்ன உஸ்தாதுகளை நாம் அறிவோம். அறிந்ததை எல்லாம் மறந்துபோகும் தள்ளாத வயதைப் பற்றி அந்நஹ்ல், அல்ஹஜ் அத்தியாயங்களில் அல்லாஹ் குறிப்பிடுகிறான். அந்த நிலைக்குத் தள்ளப்படுவதிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடினார்கள் என்று புகாரியில் இருக்கிறது. அந்த துஆவை ஓதுகிறவர் தன் பங்குக்கு முயற்சியும் செய்ய வேண்டாமா?

நோய் வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு விலைப்பட்டியல். லெகனெமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023 ஜூலையில் முழு ஒப்புதல் தந்தது. அங்கே அதன் விலை ஆண்டுக்கு 26,500 டாலர். அது நோயைக் குணப்படுத்துவதில்லை. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்குச் சரிவைச் சற்று மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் அழுத்த மாத்திரையோடு இதை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு ஓர் அழுத்தக் கருவி. ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு மேசை. பெண்களுக்குத் தைக்காவிலோ மதரஸாவிலோ அதே மேசை. நர்ஸிங் படித்த நம் பிள்ளைகள் ஊருக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். வருடம் ஒரு முறை காது, கண் பரிசோதனை முகாம். சர்க்கரை உள்ளவர்கள் ரமளானில் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது, யார் நோன்பு வைக்கக் கூடாது என்று மருத்துவரும் ஆலிமும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல ஷஅபானில் ஒரு நாள்; சர்க்கரை திடீரென மிகத் தாழ்வதும் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். அந்த ஷஅபான் கூட்டத்துக்குத் தேதி குறிக்க ரஜப் மாதமே சரியான நேரம்.